அக்காவைவிட நான் மூத்தவளாகத் தெரிகிறேனே, டாக்டர்!

கேள்வி: எனக்கு 49 வயது. திருவட்டார் பக்கம் வீடு. கணவருக்கு 57. ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியக்காலம் தோட்டத்திலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் சரியாக வராது, பேச்சு குழறும். பிரஷர் மாத்திரை அன்றிலிருந்து ஒருநாள் தவறவிட்டதில்லை. நான் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அன்றோடு நின்றது. மகன் துபாயில், மகளைக் களியக்காவிளையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அடுத்த வீட்டில் கொழுந்தன் குடும்பம். ஆனால் வேறு ஆள் தொட்டால் இவருக்குப் பிடிக்காது, சத்தம் போடுவார், சில நேரம் அழுவார். ராத்திரி மூன்று நாலு தடவை எழுப்புவார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், என்னைவிட ஏழு வயது மூத்த அக்காவைக் காட்டி, "இது உங்க தங்கச்சியா?" என்று என்னிடமே ஒரு அம்மா கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுகை வந்தது. தலை நரைத்துவிட்டது. 47-லேயே மாதவிலக்கு நின்றது. முட்டு வலி. கஞ்சி வடிக்கும்போது கையில் பட்ட சூடு ஒரு மாதமாகியும் ஆறவில்லை. நோயாளியைப் பார்ப்பவர்களுக்குப் பத்து வயது கூடிவிடுமாம், டெலோமியர் என்று ஏதோ குறையுமாம், மகன் வீடியோ அனுப்பினான். அதை ரத்தத்தில் பார்க்கலாம், மாத்திரையும் உண்டு, வாங்கி அனுப்பட்டுமா என்கிறான். சில நாள் "இது எப்போது முடியும்" என்று மனசில் வந்துவிடுகிறது. உடனே பயந்து ஜெபம் செய்வேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

சகோதரி, வயதுக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கையில் இருக்கும் அந்தப் புண். கஞ்சித் தண்ணீர் பட்ட சூட்டுப்புண் இரண்டு, மிஞ்சினால் மூன்று வாரத்தில் மூடிவிட வேண்டும். ஒரு மாதமாகியும் மூடவில்லை என்றால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே பாருங்கள். காப்பிப்பொடி, பேஸ்ட், பச்சிலை எதுவும் அதில் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கணவரின் மாத்திரை ஒருநாள் தவறியதில்லை என்று இருக்கிறது. உங்கள் பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கடைசியாக எப்போது பார்த்தது என்று ஒரு வரிகூட இல்லை. பிரஷர் கூடினால் பெரும்பாலும் உடம்பு எதையும் காட்டாது. உங்கள் வீட்டில் அடுத்த பக்கவாதம் யாருக்கு வரக்கூடும் என்று என்னைக் கேட்டால், அவரோடு உங்களையும் சேர்த்தே நினைப்பேன். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆறு வருஷமாகத் தூக்கமில்லாமல், பிரஷர் பார்க்காமல் இருக்கும் ஒரு 49 வயதுக்காரியைப் பற்றி எந்த டாக்டரும் அப்படித்தான் நினைப்பார்.

புண் ஆறாததற்கு, நோயாளியைப் பார்க்கும் பாரம் என்று நீங்கள் சந்தேகப்படும் காரணமும் இருக்கலாம். 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில், மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களின் கையில் மிகச் சிறிய காயம் ஒன்றை அளந்து உண்டாக்கினார்கள். அவர்களோடு ஒத்த வயதும் வருமானமும் உள்ள, வீட்டில் நோயாளி இல்லாத 13 பெண்களுக்கும் அதே காயம். நோயாளியைப் பார்க்கும் பெண்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் அதிகம் பிடித்தது. இடைவிடாத மன அழுத்தம் உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தளர்த்துகிறது என்பதற்கு இதைவிடக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் "டென்ஷன்தான் காரணம்" என்று நாமாகவே முடிவு செய்துவிட்டுச் சர்க்கரையைக் கோட்டைவிடக் கூடாது.

சரி, வீடியோவுக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை, ஆனால் பாதியை விட்டுவிட்டார்கள். நம் செல்களில் குரோமோசோம் என்று இழைகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் இருக்கும் பகுதிதான் டெலோமியர். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் குறையும். வயது ஏற ஏற எல்லோருக்கும் குறைவதுதான். 2004-ல் கலிஃபோர்னியாவில் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் 58 தாய்மாரின் ரத்தத்தில் இதை அளந்தார்கள். அவர்களில் 39 பேர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள், மற்ற 19 பேரின் பிள்ளைகளுக்கு நோய் ஏதும் இல்லை. டெலோமியர் ஆராய்ச்சிக்காக 2009-ல் நோபல் பரிசு வாங்கிய மூன்று பேரில் பிளாக்பர்னும் ஒருவர், ஆகையால் இது ஏதோ மூலையில் நடந்த ஆய்வு இல்லை.

வீடியோவில் விட்டுப்போன பாதி என்னவென்றால், இரண்டு கூட்டத்தையும் மொத்தமாக ஒப்பிட்டபோது நீளத்தில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் வரவில்லை. நோயுள்ள பிள்ளையைப் பார்த்த தாய்மாருக்குள், பார்த்த வருஷங்கள் கூடக்கூட நீளம் குறைந்திருந்தது. அப்புறம், மொத்தப் பேரிலும் "என்னால் சமாளிக்க முடியவில்லை" என்று மிக அதிகமாக உணர்ந்தவர்களையும் மிகக் குறைவாக உணர்ந்தவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குறைந்தது பத்து வயது வித்தியாசம் தெரிந்தது. வீடியோவின் பத்து வயது அங்கிருந்து வந்தது. நோயாளியைப் பார்க்கும் எல்லோருக்கும் பத்து வயது கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், உங்கள் மகனுக்கும் அனுப்பலாம். 1999-ல் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் வெளியிட்டது: நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்க்கும் முதியவர்களை நாலு வருஷம் கவனித்தார்கள். பார்த்துக்கொள்வது பாரமாக இருக்கிறது என்று சொன்னவர்களிடம் இறப்பு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். பார்த்துக்கொண்டாலும் பாரமாக இல்லை என்றவர்களுக்கு அப்படி ஒரு கூடுதலும் இல்லை. 2013-ல் வந்த வேறொரு அமெரிக்க ஆய்வில், குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களை மொத்தமாக எடுத்து ஆறு வருஷம் பார்த்தால், இறப்பு 18 சதவீதம் குறைவாகவே இருந்தது.

என்ன இது, முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். எனக்கு முரணாகத் தெரியவில்லை. கணவரைப் பார்ப்பதால் நீங்கள் கிழவி ஆகவில்லை. மாற்று ஆளே இல்லாமல், ராத்திரியும் பகலும் ஒற்றை ஆளாகப் பார்ப்பதுதான் உங்கள் உடம்பைத் தின்கிறது. ஆகவே மாற்ற வேண்டியது உங்கள் வீட்டின் ஏற்பாட்டை. மகனிடம் சொல்லுங்கள்: அந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம், தனி ஒருவரின் சிகிச்சையை அது எந்த வகையிலும் மாற்றாது. டெலோமியரை நீட்டி இளமையைத் திருப்பித் தரும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையும் கிடையாது. அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் உங்கள் பட்டியல். 47-ல் மாதவிலக்கு நின்றதற்கு நோயாளியைப் பார்ப்பது காரணமில்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 என்பது வழக்கமான வயதுதான். இனி எப்போதாவது ரத்தம் பட்டால் மட்டும் உடனே காட்டுங்கள். நரை பெரும்பாலும் பெற்றோர் கொடுத்தது, கவலை கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கலாம். ஆனால் சோர்வும் முடி கொட்டுவதும் சேர்ந்து இருந்தால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்குக் குத்தும்போதே ஹீமோகுளோபினும் தைராய்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனால் பல வீடுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அவருக்கு முள் எடுத்த மீன், முட்டை. உங்களுக்கு அவர் மீதி வைத்தது, பழையது, இடையிடையே மூன்று நாலு சாயா. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் தசையும் வேகமாகக் குறையும் வயதில் இது போதாது. விலை கூடியதொன்றும் வேண்டாம். சாளை, நெத்திலி முள்ளோடு, கஞ்சிக்குப் பயறு, தினம் ஒரு முட்டை. நேந்திரம்பழமும் மரச்சீனியும் எவ்வளவு தின்பது என்பதைச் சர்க்கரை அளவு தெரிந்த பிறகு முடிவு செய்வோம்.

முட்டு வலிக்கு வருகிறேன். ஒரு ஆளை ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் கீழே ஆடாத கட்டை வைத்து உயர்த்துங்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், அதுதான் அளவு. அவரை எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதம் வந்த கையில் தோள் மூட்டு எளிதாக இறங்கிவிடும், அப்புறம் அந்த வலிக்காகவே ராத்திரி எழுப்புவார். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள். நாற்காலியை அவருடைய இடது பக்கம் போடுங்கள், நல்ல காலை ஊன்றி அவரே பாதி வேலை செய்வார். நீங்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நில்லுங்கள். கக்கூசுக்கு நடத்திக்கொண்டு போவது சிரமம் என்றால் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி. அப்புறம், தினமும் காலையில் கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருங்கள். தொடைத் தசை பலப்பட்டால் முட்டு வலி ஓரளவு குறையும்.

இதையெல்லாம் வாசித்துக் கற்றுக்கொள்வது கஷ்டம், யாராவது பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருவதோடு, இயன்முறை சிகிச்சையும் நோயாளிப் பராமரிப்பும் சேர்ந்தே இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிரஷர் பார்க்கும் பெண் கணவருக்காக வீட்டுக்கு வரும்போது நீங்களும் கையை நீட்டுங்கள். அவருக்காக வைத்திருக்கும் நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து உங்கள் கணக்கை எழுதத் தொடங்கலாம்.

இனி தூக்கம். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மூன்று நாலு தடவை உடைந்த தூக்கம் மொத்தம் ஏழு மணி நேரம் வந்தாலும் தூக்கமாகாது. பிரஷர், சர்க்கரை, கோபம், மறதி எல்லாம் அதிலிருந்து வரும். அவர் எதற்காக எழுப்புகிறார் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். சிறுநீருக்கு என்றால் தண்ணீரைப் பகலில் நன்றாகக் கொடுத்துவிட்டு மாலை ஏழுக்குமேல் குறையுங்கள், படுக்கும் முன் ஒருமுறை போகச் சொல்லுங்கள். இடது கைக்கு எட்டுகிற இடத்தில் சிறுநீர் பாட்டில் வைத்தால், ஒரு கை நன்றாக இருப்பவர் பழகினால் தானே எடுத்துக்கொள்வார். பிரஷர் மாத்திரைகளில் சிலது சிறுநீரைக் கூட்டும். அதை ராத்திரி கொடுக்கிறீர்களா என்று டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்ற முடியுமா பாருங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

சும்மா எழுப்புகிறார், சத்தம் போடுகிறார், அழுகிறார் என்றால் வேறு விஷயம் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்து, காரணமே இல்லாமல் அழுகையும் சிரிப்பும் வருவதும் உண்டு. "குணம் மாறிப்போச்சு" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநல டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஆறு வருஷமாக யாரும் இதைக் கேட்காமல் பிரஷரை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை, வருத்தம் உண்டு. அவருடைய மனம் தெளிந்தால் உங்கள் பாரத்தில் பெரும்பகுதி குறையும்.

"இது எப்போது முடியும்" என்ற எண்ணம் வருவதற்காகப் பயப்படாதீர்கள். வருஷக்கணக்காக நோயாளியைப் பார்க்கும் பலருக்கும் அது வரும், சொல்லத்தான் மாட்டார்கள். களைத்த உடம்பு ஓய்வு கேட்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணம் "நான் இல்லாமல் போனால் நல்லது" என்றோ, கோபத்தில் அவரை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ திரும்பினால், அல்லது இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் மனம் ஒட்டாமல் அழுகையாகவே இருந்தால், காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை.

அண்டி ஆபீஸ் நின்றதையும் லேசாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கூலி போனதோடு, கூட இருந்து கதை பேசிய பெண்களும் போனார்கள். அந்தத் தனிமையும் உடம்பில் சேரும். பழைய கூட்டாளி ஒருத்திக்காவது வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள்.

இனி ஆள் மாற்றம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. படித்த பிள்ளைகள் துபாய்க்கும் பெங்களூருக்கும் போகிறார்கள், வீட்டில் ஒரு நோயாளியும் ஒரு பெண்ணும் மிச்சம். மகனைக் குறை சொல்லவில்லை. மாத்திரைக்கு வைத்திருக்கும் பணத்தை அவர் மாதாமாதம் ஹோம் நர்ஸுக்கு அனுப்பட்டும். முழு நேரம் கட்டாது என்றால் வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு மட்டும். அந்த இரண்டு ராத்திரியும் நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திப் படுக்க வேண்டும். மகள் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து நிற்கட்டும், நீங்கள் அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டுக்குப் போங்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கி வந்து, அவரிடம் ரெண்டு வார்த்தை பேசி, உங்கள் கையால் சாயா குடித்துவிட்டுப் போகிறார்கள். சபையிலிருந்து வீடு சந்திக்க வருகிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். "அடுத்த தடவை வரும்போது ஒரு ரெண்டு மணி நேரம் இவர்கூட இருங்க, நான் சந்தைக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. நாம்தான் கேட்பதில்லை.

ஒரு கை, ஒரு கால் இயக்கம் போனவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க வழி உண்டு. வாங்கவில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பாதிப்பின் அளவைப் பொறுத்துப் பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி போன்றவை கிடைக்கும். இந்த அலைச்சலைக் கொழுந்தனிடம் கொடுத்துவிடுங்கள்.

கொழுந்தன் என்றதும் நீங்கள் சொல்லப்போவது தெரியும்: வேறு ஆள் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்காதுதான். தோட்டத்தில் இருட்டோடு எழுந்து தனியாக வேலை பார்த்த ஆம்பிளை, இப்போது உள்ளாடையைக்கூட இன்னொருவர் மாற்ற வேண்டிய நிலை. உங்களிடம் மட்டும் அந்தக் கூச்சம் இல்லை. ஆகையால் குளிப்பாட்டுவதில் தொடங்காதீர்கள். முகச்சவரத்தில் தொடங்குங்கள். தம்பி வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனுக்குச் சவரம் செய்துவிடட்டும், பழைய கதை பேசட்டும். மைனி கேட்டு எந்தக் கொழுந்தன் மாட்டேன் என்பார்? மூன்று நாலு வாரம் போகட்டும், அப்புறம் சட்டை மாற்றுவது, அப்புறம் குளியல். முதல் நாளே கணவரிடம் அவர் காதுபட, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: "எனக்குப் பிரஷர் பார்க்கணும், கையில் புண் ஆறல, நானும் விழுந்தா உங்களை யாரு பாப்பா? ஞாயிறு காலையில நான் வெளியே போவேன், தம்பி இருப்பான்." பேச்சுதான் குழறுகிறது, அவருக்கு எல்லாம் புரியும். முதல் வாரம் சத்தம் போடுவார். வாசலில் இருந்து திரும்பி வராமல் போய்விடுங்கள்.